சுற்றா, அடியா? டிரில் மிஷின் வாங்குமுன் புரிந்துகொள்ள வேண்டியது

வேலூர் லாங்கு பஜார் பக்கத்து ஹார்டுவேர் கடை ஒன்றில் சிறிது நேரம் நின்றால், டிரில் மிஷின் வாங்க வருகிறவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதைக் கவனிக்கலாம்: “இது எத்தனை வாட்?” கடைக்காரர் ஒரு எண்ணைச் சொல்வார்; பக்கத்துப் பெட்டியில் அதைவிடப் பெரிய எண் இருந்தால், வாங்க வந்தவரின் கை தானாக அந்தப் பெட்டிக்குப் போகும். வாட் கூடினால் எந்தச் சுவரும் வழிவிடும் என்பதும், துளை இறங்கவில்லை என்றால் இன்னும் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதும், பெட்டியில் ‘ஹாமர்’ என்று அச்சிட்டிருந்தால் கான்கிரீட்டுக்கும் அதுவே போதும் என்பதும் நம்மிடையே பரவலாக உள்ள நம்பிக்கைகள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றையும் அப்படியே நம்பிப் பணத்தையும், மிஷினில் மாட்டும் துளைக் கம்பியான பிட்டையும் பாழாக்கியவர்களில் நானும் ஒருவன்.

சத்துவாச்சாரியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் ஜன்னலுக்கு மேல் திரைச்சீலைக் கம்பி மாட்ட ஒருநாள் முயன்றேன். கூடத்துச் சுவரில் சாமி படத்துக்காக ஒரு நிமிடத்துக்குள் துளை போட்டுத் தந்த அதே மிஷின், ஜன்னலுக்கு மேலே விரல் நகத்தின் அளவுக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. உடல் பாரம் முழுவதையும் சாய்த்து அழுத்தினேன். பிட்டின் முனை நீலம் பாய்ந்து, பிறகு கறுத்தது. தீய்ந்த வாசனை வந்தது. துளை மட்டும் முன்னேறவில்லை. கீழ்வீட்டுக்கு ஒயரிங் வேலையாக வந்திருந்த எலக்ட்ரீஷியன் சத்தம் கேட்டு ஏறி வந்து பார்த்தார். “சார், இது சும்மா சுத்தினு கீது. அடிக்கவே இல்ல. உள்ள லிண்டல் சார், ஜல்லிய சுத்தி இன்னா பண்றது?” என்றார்.

லிண்டல் என்பது ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டம். அவர் ஒரே மூச்சில் சொன்னதைத்தான் இந்தக் கட்டுரை விரித்துச் சொல்கிறது.

சீவுவதும் நொறுக்குவதும்

தேங்காய் துருவியை நினைத்துக்கொள்ளுங்கள். துருவியின் பல் தேங்காய்ப் பருப்பில் புகுந்து, மெல்லிய சீவலாக அதைத் தூக்கி எடுக்கிறது. மரம், இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக் ஆகியவை டிரில்லின் முனைக்கு முன்னால் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கின்றன. இரும்பு தேங்காயைவிடப் பன்மடங்கு கடினமானது என்றாலும், தன்னைவிடக் கடினமான ஒரு கூர்முனை வந்தால் வளைந்து கொடுத்துச் சுருள் சுருளாகச் சீவப்பட்டு வெளியே வரும். லேத் பட்டறையின் தரையில் வெள்ளியும் நீலமுமாகக் குவிந்து கிடக்கும் சுருள்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

கல்லிடம் இந்த வித்தை செல்லாது. கருங்கல்லும், அந்தக் கல்லை உடைத்த ஜல்லி கலந்த கான்கிரீட்டும், சுட்ட செங்கல்லும் வளைந்து கொடுப்பவை அல்ல. ஒரு வரம்புவரை முழுமையாக எதிர்த்து நின்று, அந்த வரம்பு கடந்ததும் பொடிந்துவிடுபவை. “அம்மி கொத்தறது” என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்கள் செய்த வேலையை நினைவுபடுத்திப் பாருங்கள். அவர்கள் உளியை அம்மியின் மேல் வைத்துத் தேய்த்ததில்லை. உளியின் தலையில் சிறு சுத்தியலால் தட்டினார்கள், தட்டுக்கு ஒரு புள்ளி பொடிந்து தெறித்தது. கல்லில் ஆழமாகத் துளை போடும் கல்தச்சர் இன்னும் ஒன்று செய்வார்: ஓர் அடி அடித்ததும் உளியைச் சற்றே திருப்பி, மறுபடி அடிப்பார். திருப்பாமல் அடித்துக்கொண்டே இருந்தால் உளி தான் செய்த பள்ளத்திலேயே மாட்டிக்கொள்ளும். திருப்பித் திருப்பி அடித்தால் துளை வட்டமாக இறங்கும், பொடியும் வெளியே வரும்.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. அரக்கோணம் பக்கத்து மகேந்திரவாடியில் 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஒற்றைப் பாறையைக் குடைந்து எடுப்பித்த கோயிலும், 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த வேலூர்க் கோட்டையின் மதிலும் அடிக்கு மசிந்த கற்களால் ஆனவையே.

ஆகவே முதல் பாடம் இது: மரத்தையும் உலோகத்தையும் துளைக்கும்போது முனை சீவுகிறது, அதற்குச் சுற்று போதும், கல் சார்ந்த எதையும் துளைக்கும்போது முனை நொறுக்குகிறது, அதற்கு அடி வேண்டும், சுற்று துணைக்கு மட்டும்.

வேலை செய்வது பிட்

மிஷினின் முன்புறத்தில் மாட்டும் துளைக் கம்பிக்கு ‘பிட்’ என்று பெயர். அதைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடைகள் கொண்ட உருளை ‘சக்’ எனப்படும். வீட்டு மிஷின்களில் 10 மி.மீ. அல்லது 13 மி.மீ. சக் இருக்கும், அந்த எண், சக் கவ்வக்கூடிய அதிகபட்சத் தடிமன். மிஷின் வெறும் கைதான். கையில் இருப்பது கத்தியா உளியா என்பதைப் பிட் முடிவு செய்கிறது.

உலோகத்துக்கான பிட், சூடேறினாலும் கூர்மையை எளிதில் இழக்காத ‘ஹை ஸ்பீடு ஸ்டீல்’ என்ற எஃகால் ஆனது. அதன் நுனியில் இரண்டு வெட்டு விளிம்புகள் இருக்கும். நகத்தில் வைத்து இழுத்தால் நகத்தைச் சுரண்டும். மரத்துக்கான பிட்டின் நடுவே ஆணி போன்ற ஒரு முள் இருக்கும். குறித்த இடத்தைவிட்டுப் பிட் நழுவாமல் அது பிடித்துக்கொள்ளும்.

கடைகளில் ‘கான்கிரீட் பிட்’ என்று கேட்டு வாங்கும் சுவர்ப் பிட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அதன் நுனியில் சாம்பல் நிறச் சிறு தகடு ஒன்று, ஓட்டு வீட்டுக் கூரையின் முகடுபோல இருபுறமும் சரிந்து, கம்பியின் தலையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள். தகடு கம்பியைவிடச் சற்று அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், துளையில் கம்பி உரசாமல் பொடி வெளியேற இடம் கிடைக்கிறது. விரலால் தடவினால் அதில் கூர்மையே இருக்காது. புதிதாக வாங்கியவர்கள் பலர் இதைப் பார்த்துவிட்டு மழுங்கிய பிட்டைக் கொடுத்துவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதுண்டு. அது கத்தியாக இருந்தால் அந்தக் கோபம் நியாயம், அது உளி. அடி வாங்குவதற்கென்றே அப்படி மொண்ணையாகச் செய்யப்பட்டது.

பிட்டை மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் நட்டம். இரும்புப் பிட்டைச் சுவரில் வைத்தால், பூச்சில் உள்ள மணல் அதன் விளிம்பைச் சில நொடிகளில் சாணை பிடித்து மழுக்கிவிடும். சுவர்ப் பிட்டை இரும்பில் வைத்தால், அது தேய்த்துச் சூடாக்குமே தவிரச் சீவாது. என் லிண்டல் அனுபவத்தில் முனை நீலமானதற்கும் சூடுதான் காரணம்: எஃகு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸை எட்டும்போது அந்த நிறம் ஏறும். அந்த அளவுக்கு மேலும் சூடேற்றினால் கார்பைடு தகட்டைப் பிடித்திருக்கும் பற்றே இளகித் தகடு உதிர்ந்துவிடும்.

வாட் சொல்வதும் சொல்லாததும்

வாட் என்பது மிஷின் மின்சாரத்தை எவ்வளவு வேகமாகச் செலவழிக்கிறது என்பதன் அளவு. 600 வாட் டிரில், நம் வீட்டு 230 வோல்ட் இணைப்பில் ஏறத்தாழ 2.6 ஆம்பியர் இழுக்கும். எனவே ஃபேனுக்கும் செல்போன் சார்ஜருக்கும் பயன்படும் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கே இதற்குப் போதும், ஏ.சி.க்கான பெரிய பிளக்கைத் தேடி ஒயரை இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்ற வேண்டியதில்லை.

அந்த மின்சாரம் சுற்றாகவும் அடியாகவும் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை வாட் சொல்வதில்லை. டிரில்லின் உள்ளே உள்ள சிறிய மோட்டார் நிமிடத்துக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுற்றக்கூடியது. அந்த வேகத்தை அப்படியே பிட்டுக்குக் கொடுத்தால் பிட் தீய்ந்துபோகும். அதனால் பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து, அதற்கு ஈடாக முறுக்கு விசையைக் கூட்டுகின்றன. முறுக்கு விசை என்பது ஒரு பொருளைத் திருப்பும் வலிமை. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால், மறுமுனையில் ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கிடைக்கும். டிரில் பெட்டிகளில் அச்சிட்டிருப்பது இந்த அலகுதான்.

ஏலகிரி மலைப்பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் மொபெட்டோ பைக்கோ ஓட்டியவர்களுக்கு இந்த ஈடு புரியும். சமவெளியில் ஓடிய கியரிலேயே மேட்டில் ஏறினால் வண்டி திணறி நின்றுவிடும். கியரைக் குறைத்தால் வேகம் விழும், இழுவை கூடும். என்ஜின் மாறவில்லை, பெட்ரோலும் மாறவில்லை. நீளமான ஸ்க்ரூவைத் தேக்குச் சட்டத்தில் இறக்குவது மலையேற்றம். மெல்லிய பிட்டால் பலகையில் துளை போடுவது சமவெளி.

வேகத்தைப் பற்றி இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. திருவிழா ராட்டினத்தில் நடுக்கம்பத்தை ஒட்டி உட்கார்ந்தவரைவிட வெளி ஓரத்தில் உட்கார்ந்தவர் வேகமாகப் போகிறார், இருவரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று முடித்தாலும். பிட்டும் அப்படியே: தடித்த பிட்டின் வெளிவிளிம்பு, அதே சுற்றில் அதிக தூரம் ஓடி, அதிகம் சூடாகிறது. ஆகவே பிட் தடிக்கத் தடிக்கச் சுற்றைக் குறைக்க வேண்டும். சாதாரண இரும்பில் 6 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்று சரியென்றால், 12 மி.மீ. பிட்டுக்கு அதில் பாதி போதும். ‘டிரிக்கர்’ எனப்படும் விசையை விரலால் அழுத்தும் அளவுக்கு ஏற்ப வேகம் மாறும் மிஷினாகப் பார்த்து வாங்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

துப்பாக்கி போன்ற பிடியும் அந்த விசையும் நமக்கு இயல்பாகத் தோன்றினாலும், அவை டிரில்லோடு பிறந்தவை அல்ல. கையில் பிடிக்கக்கூடிய மின்சார டிரில்லை ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் 1895-இல் உருவாக்கியது. அந்தப் பிடி, விசை இரண்டுக்கும் அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர் காப்புரிமை பெற்றது 1917-இல். இடைப்பட்ட காலத்தில் அதை எப்படித்தான் பிடித்துச் சமாளித்தார்களோ.

சுருக்கமாகச் சொன்னால், வாட் என்பது மின்செலவு. முறுக்கு விசை என்பது திருப்பும் வலிமை. சுற்று வேகம் பிட்டின் தடிமனுக்கு ஏற்ப மாற வேண்டியது. இவை மூன்றிலும் அடி என்பது இன்னும் வரவே இல்லை.

ஒரே பெயரில் இரண்டு ஹாமர்கள்

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ‘ஹாமர்’ என்ற சொல்லைக் கடைகளில் முற்றிலும் வேறான இரண்டு இயந்திரங்களுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

முதலாவது, ‘இம்பாக்ட் டிரில்’. இதன் உள்ளே ரம்பப் பல் வெட்டிய இரண்டு வட்டத் தகடுகள் முகத்தோடு முகம் பார்த்து உட்கார்ந்திருக்கும். ஒன்று நிற்கும், மற்றது பிட்டோடு சேர்ந்து சுற்றும். நாம் மிஷினைச் சுவரோடு அழுத்தும்போது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி, கரடுமுரடான பாதையில் கட்டைவண்டிச் சக்கரம் துள்ளுவதுபோலப் பிட்டை முன்னும் பின்னும் குலுக்கும். தகட்டில் பதினாறு பல் இருந்து, மிஷின் நிமிடத்துக்கு 2,800 முறை சுற்றினால், நிமிடத்துக்கு 44,800 குலுக்கல். பெட்டியின் மேல் பெருமையாக அச்சிட்டிருக்கும் பெரிய எண் இதுவே. எண்ணிக்கை மலைக்க வைத்தாலும் ஒவ்வொரு குலுக்கலும் மிகச் சிறியது. அதோடு அந்த அடிக்கு வேண்டிய பலத்தை நம் தோள்தான் கொடுக்கிறது. அழுத்தவில்லை என்றால் தகடுகள் பிரிந்துவிடும், அடியே இருக்காது.

இரண்டாவது, ‘ரோட்டரி ஹாமர்’. சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் போல எதிர்த்துத் தள்ளும். ரோட்டரி ஹாமரின் உள்ளே மோட்டார் ஓர் உந்துதண்டை முன்னும் பின்னும் ஓட்டுகிறது. அதற்கு முன்னால் அடைபட்ட காற்று, தனியாக மிதந்துகொண்டிருக்கும் ஓர் இரும்புத் துண்டை எறிகிறது. அந்தத் துண்டு பறந்துபோய்ப் பிட்டின் பின்புறத்தில் சுத்தியலாக மோதுகிறது. இடையே பிட் திரும்பிக்கொண்டும் இருக்கிறது. கல்தச்சரின் கைவேலை அப்படியே இயந்திரத்துக்குள் போய்விட்டது என்று சொல்லலாம். வீட்டுக்கு ஏற்ற சிறிய ரோட்டரி ஹாமர்கள் நிமிடத்துக்கு நான்காயிரம், ஐயாயிரம் அடிகள்தான் அடிக்கும். ஆனால் ஒவ்வோர் அடியின் ஆற்றலும் 2 ஜூல் அல்லது அதற்கு மேல். ஒரு கிலோ எடைக்கல்லை ஒரு சாண் உயரத்திலிருந்து ஆணித்தலையில் போட்டால் கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவு. இங்கே அழுத்தம் நம் தோளிலிருந்து வர வேண்டியதில்லை. பிட் விலகாமல் பிடித்திருந்தால் போதும்.

நிமிடத்துக்கு 44,800 அடி எப்படி 5,000 அடியிடம் தோற்கிறது? முன்பு சொன்ன வரம்பை நினைத்துப் பாருங்கள். அம்மியை ஒரு ஸ்பூனால் ஆயிரம் முறை தட்டினாலும் புள்ளி விழாது. உளியை வைத்து ஒரே ஒருமுறை சரியாகத் தட்டினால் விழும். கல் பொடிய வேண்டுமென்றால் தனித்தனி அடி ஒவ்வொன்றும் அந்த வரம்பைத் தாண்ட வேண்டும். தாண்டாத அடிகளைக் கூட்டி வைத்து ஒரு பெரிய அடியாக மாற்ற முடியாது, அவை எல்லாம் சூடாகவே வீணாகும். செங்கல்லின் வரம்பு குறைவு, இம்பாக்ட் டிரில்லின் குலுக்கலே அதைத் தாண்டிவிடுகிறது. கருங்கல் ஜல்லியின் வரம்பு அதிகம். கூடத்துச் சுவரில் ஓடிய என் மிஷின் லிண்டலில் நின்றதன் முழுக் காரணமும் இதுதான். மறுநாள் அந்த எலக்ட்ரீஷியன் தன் ரோட்டரி ஹாமரைக் கொண்டுவந்து, ஏணியில் ஏறி, ஒரு கையால் மிஷினைத் தாங்கிக்கொண்டு, நான் ஒரு மணி நேரம் போராடிய துளையை இருபது எண்ணுவதற்குள் முடித்துவிட்டு இறங்கினார். அவர் அழுத்தியதாகவே தெரியவில்லை.

இரண்டையும் கடையில் வேறுபடுத்தி அறிவது எளிது. ரோட்டரி ஹாமரில் மூன்று தாடை சக் இருக்காது, ‘எஸ்.டி.எஸ்.’ எனப்படும், பின்புறத்தில் பள்ளங்கள் வெட்டிய தனிவகைப் பிட்டைத் தள்ளினால் கிளிக்கென்று உட்கார்ந்துகொள்ளும். அப்படி உட்கார்ந்த பிட் முன்னும் பின்னும் சற்று ஆடும். அது பழுது அல்ல, அடி வாங்குவதற்காக விட்ட இடம்.

தூளைப் பார்த்துச் சுவரை அறிவது

துளை போடும்போது கீழே விழும் தூளைக் கவனிக்கும் பழக்கம் எந்தக் கருவியைவிடவும் உதவும். நம் ஊர் வீடுகளில் முதல் 12 முதல் 15 மி.மீ. வரை சாம்பல் நிறத் தூள் வரும். அது சிமென்ட் பூச்சு. பிறகு செம்மண் நிறம் வந்தால் உள்ளே செங்கல். அடி நிலையாக இறங்கும். சாம்பலே தொடர்ந்து, வேகமும் தளர்ந்தால், நீங்கள் லிண்டலிலோ தூணிலோ பீமிலோ இருக்கிறீர்கள். ஜன்னல், கதவு ஆகியவற்றின் மேலே ஒரு சாண் உயரத்துக்கு லிண்டல் ஓடும் என்பதை நினைவில் வைத்தால் பாதிச் சங்கடம் மிச்சம். சத்தம் திடீரென்று கீச்சென்று மாறி, பளபளக்கும் துகள் வந்தால் முறுக்குக் கம்பியைத் தொட்டுவிட்டீர்கள். அங்கே நிறுத்திவிட்டு, இரண்டு விரல் தள்ளித் துளை போட வேண்டும். கோட்டையைச் சுற்றியுள்ள பழைய தெருக்களின் சுண்ணாம்புச் சுவர்களில் வெண்தூள் உதிரும். அவற்றில் ஹாமரை நிறுத்திவிட்டு வெறும் சுற்றிலேயே போடுவது நல்லது, இல்லையென்றால் காரை பெயர்ந்து துளை கிண்ணமாகிவிடும்.

தூள் சொல்லாத ஆபத்து ஒன்று உண்டு. சுவருக்குள் புதைத்த ஒயர்க் குழாய்கள் பெரும்பாலும் சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் ஓடும். தண்ணீர்க் குழாய் திருகுகளுக்கு நேராகவும் அப்படியே. அந்தச் செங்குத்துக் கோடுகளில் துளை போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். வேறு வழியில்லை என்றால் அந்த அறையின் இணைப்பை அணைத்துவிட்டு, அடுத்த அறையிலிருந்து ஒயரை இழுத்து வேலை செய்ய வேண்டும்.

துளையும் ரவால் பிளக்கும்

சுவரில் ஸ்க்ரூ தானாகப் பிடிக்காது. பிடிப்பது ரவால் பிளக். 1911 வாக்கில் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், சுவரைச் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டிய நிலையில், ஜான் ரவ்லிங்ஸ் என்ற ஒப்பந்தக்காரர் நாரால் ஆன ஒரு செருகியை உருவாக்கினார். அவர் பெயர்தான் நம் கொத்தனார்களின் வாயில் ‘ரவால்’ ஆனது. இப்போது நாம் வாங்கும் நைலான் வகையின் முன்னோடி, ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958-இல் உருவாக்கியது. ஸ்க்ரூ உள்ளே போகப்போகப் பிளக் விரிந்து துளையின் பக்கங்களை நெருக்குகிறது. அந்த நெருக்கத்தின் உராய்வே எடையைத் தாங்குகிறது.

இதிலிருந்து மூன்று செய்திகள் தாமாகவே வருகின்றன. 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. பிட்தான், துளை சற்றுப் பெரிதானாலும் நெருக்கம் போய்விடும், தீக்குச்சியைச் செருகிச் சமாளிப்பதெல்லாம் அடுத்த ஆடிக்காற்றுவரைதான். பிளக்கின் விரியும் பகுதி பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும். பூச்சுக்குள் விரிந்தால் பூச்சையே பெயர்த்துக்கொண்டு வரும். துளையைப் பிளக்கின் நீளத்தைவிட ஏறக்குறைய 10 மி.மீ. கூடுதல் ஆழமாக்கி, சைக்கிள் பம்பால் ஊதித் தூளை வெளியேற்றிவிட வேண்டும். பிட்டின் மேல் ஆழத்தைக் குறிக்க ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் போதும்.

டைல்ஸ் மேல் துளை போடும்போது ஹாமரை அணைத்துவிடுங்கள்; டைல்ஸ் பொடியாது, விரிசல் விடும். குறித்த இடத்தில் டேப் ஒட்டி, மெதுவான சுற்றில் மேற்பூச்சைத் தாண்டிய பிறகு, பின்னால் உள்ள சுவருக்கு மட்டும் ஹாமரைப் போடலாம். சமையலறைக் கிரானைட் மேடைக்கு வைர முனை கொண்ட பிட்டும் தொடர்ந்து தண்ணீரும் வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அதை ஆளிடம் கொடுப்பதே மலிவு.

இரும்பில் துளை போடுமுன் ‘சென்டர் பன்ச்’ என்ற கூர்முனைக் கம்பியால் ஒரு புள்ளி அடித்துக்கொண்டால் பிட் வழுக்காது. ஒரு சொட்டு எண்ணெய் சூட்டைத் தணிக்கும். பிட் மறுபுறம் வெளிப்படும் கணத்தில்தான் அது கவ்விக்கொண்டு கையை முறுக்கும். அந்தக் கணத்துக்குச் சற்று முன் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். பக்கவாட்டுக் கைப்பிடியைப் பெட்டியிலேயே விட்டுவைக்காமல் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதும் இதனால்தான். கண்ணாடி அணியுங்கள். துணிக் கையுறை வேண்டாம். பிட் அதைச் சுருட்டினால் விரலையும் சேர்த்தே சுருட்டும். துப்பட்டாவும் தொங்கும் துண்டும் அவிழ்ந்த கூந்தலும் அப்படியே.

எதை வாங்குவது

செங்கல் சுவர் வீட்டில் படம், அலமாரி, குழாய்க் கிளாம்ப் என்று எப்போதாவது வேலை வருகிறவர்களுக்கு, ஒயர் உள்ள 13 மி.மீ. இம்பாக்ட் டிரில், 550 முதல் 700 வாட்டுக்குள், விசையால் வேகம் மாறுவதாகவும் இருபுறமும் சுற்றுவதாகவும் இருந்தால் நிறைவாகப் போதும். லிண்டலிலோ தளத்திலோ துளை போட வேண்டிய அரிய நாளில் ஒரு ரோட்டரி ஹாமரை வாடகைக்கு எடுத்துவிடலாம். கான்கிரீட்டாலேயே சுவர் எழுப்பிய புதிய அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்போர் நிலை வேறு. அவர்கள் முதலிலேயே சுமார் 2 கிலோ வகை ரோட்டரி ஹாமரை வாங்குவது, இம்பாக்ட் டிரில்லோடு மல்லுக்கட்டுவதைவிட அறிவான செலவு.

பேட்டரி டிரில் அழகானது, ஒயர் இல்லாதது, மின்தடை நாளிலும் ஓடுவது. மரச்சாமான் பூட்டவும் ஸ்க்ரூ முறுக்கவும் அதைவிட வசதியானது எதுவுமில்லை. அதன் கழுத்தில் உள்ள எண்வளையம் ஒரு கிளட்ச்: குறித்த முறுக்கு விசையை எட்டியதும் கடகடவென்று நழுவி, ஸ்க்ரூ தலை சிதையாமல் காக்கும். வோல்ட் பேட்டரியின் பலத்தையும், ஆம்பியர்-மணி அதன் தொட்டி அளவையும் சொல்லும். ஒரு லித்தியம் அறை 3.6 வோல்ட் என்பதால் மூன்று அறைகள் 10.8 வோல்ட், முழுச் சார்ஜில் எட்டும் உச்சத்தை வைத்து அதையே 12 என்றும், ஐந்து அறைகளின் 18-ஐ 20 என்றும் விற்பார்கள். 18-ம் 20-ம் ஒன்றே என்று தெரிந்துகொண்டால் அந்த இரண்டு வோல்ட்டுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. செங்கல் சுவர் மட்டும் உள்ள சிறிய வேலைக்கு இம்பாக்ட் வசதி உள்ள பேட்டரி டிரில் சமாளிக்கும். அதையே முதன்மைக் கருவியாக நம்புவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வெயிலும் கார்பனும்

லித்தியம் பேட்டரிக்குச் சூடு எதிரி. அக்கினி நட்சத்திர நாளில் நிறுத்திய காரிலோ, பைக்கின் பக்கப் பெட்டியிலோ அதை விட்டுவைத்தால் ஆயுள் வேகமாகக் குறையும். வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை ஆறிய பிறகே சார்ஜில் போட வேண்டும். ஒயர் மிஷினும் வெயிலில் சீக்கிரம் சூடேறும். நான்கைந்து துளைகளுக்கு ஒருமுறை, பிட்டை வெளியே எடுத்து, முழு வேகத்தில் அரை நிமிடம் வெறுமனே சுற்றவிட்டால் உள்ளே உள்ள விசிறி மோட்டாரைத் தணித்துவிடும். அணைத்து வைப்பதைவிட இது விரைவாக ஆறவைக்கும்.

மிஷின் விட்டுவிட்டு ஓடினாலோ, காற்றுத் துளைகள் வழியாக வழக்கத்தைவிடப் பெரிய பொறி தெரிந்தாலோ மோட்டார் எரிந்துவிட்டது என்று பதற வேண்டாம். சுற்றும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் இரண்டு சிறு கரித்துண்டுகளை ‘கார்பன்’ என்பார்கள். அவை தேயவே செய்யும். பல மிஷின்களில் பக்கத்துக்கு ஒன்றாக உள்ள மூடியை ஸ்க்ரூடிரைவரால் திருப்பினால் கார்பன் ஸ்பிரிங்கோடு வெளியே வந்துவிடும். பழையதையே கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி, அதே அளவில் சோடியாக வாங்கி, இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். புதிது போட்ட முதல் சில நிமிடங்கள் சுமை இல்லாமல் ஓடவிட்டால் கார்பனின் முகம் வளைவாகத் தேய்ந்து உட்கார்ந்து, பொறி அடங்கிவிடும்.